ஒற்றைக் கைக்காரரின் அட்டை

என் பெயரும் அவள் பெயரும் ஒன்று. அதனால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இருபத்தாறு வருஷம் ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தோம். அவளுக்கு வரவேண்டிய தொலைபேசி எல்லாம் எனக்கு வந்தது. எனக்கு விழவேண்டிய திட்டு சில சமயம் அவளுக்குப் போனது. அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த லாபம். கடைசியில் அலுவலகமே ஒரு முடிவுக்கு வந்து, அவளைக் கார்டம்மா என்றும் என்னை டைப்பம்மா என்றும் கூப்பிட ஆரம்பித்தது. அவள் அட்டைகளைப் பார்த்துக்கொள்பவள், நான் தட்டச்சு செய்பவள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மட்டும் மிஞ்சியது.

அவளுக்குக் கல்யாணம் ஆனதே இந்தப் பெயரால்தான். ஒருநாள் என் டைப்ரைட்டரில் ஓர் எழுத்து வரியை விட்டு மேலே ஏறி ஏறி விழுந்தது. கம்பெனியிலிருந்து ஒரு மெக்கானிக்கை அனுப்பினார்கள். அவர் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பியூன் அவளைக் கை காட்டிவிட்டார். அவள் மேஜையில் டைப்ரைட்டரே கிடையாது. அது அந்த மனிதருக்குத் தெரிய அரை மணி நேரம் ஆயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரமும் வந்தார், என் மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே. ஏழாவது மாதம் கல்யாணம். "உன் மெஷினைப் பார்க்க வந்த ஆளை நான் தள்ளிக்கிட்டுப் போயிட்டேன்டி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். எனக்கொன்றும் வருத்தமில்லை. டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிக்கிற ஆளோடு என்னால் குடித்தனம் நடத்த முடியாது. அவர்கள் இருவரும் இன்றுவரை சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். குழந்தை இல்லை. அதைப் பற்றி அவள் என்னிடம் பேசியதும் இல்லை, நான் கிளறியதும் இல்லை.

எங்கள் அலுவலகம் கண்டுபிடிப்புகளைப் பதிவு செய்கிற இடம். இரண்டாவது மாடி, மூன்று ஜன்னல், அதில் ஒன்று எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. ஊரில் யாராவது புதிதாக ஒன்றைச் செய்துவிட்டால், விண்ணப்பத்தையும் ஒரு மாதிரியையும் தபாலில் அனுப்புவார்கள். மாதிரி என்றால் மரத்திலோ தகரத்திலோ அந்தச் சாமானையே செய்து அனுப்புவது. ஆளை நாங்கள் பார்ப்பது அபூர்வம். இங்கேதான் சிக்கல். ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். ஒருவர் செய்தது இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டால் யார் பதில் சொல்வது? அதற்காகத்தான் அட்டைகள். ஆளுக்கொரு அட்டை; அதில் பெயர், தொழில், முகவரி, என்ன கண்டுபிடித்தார். புது விண்ணப்பம் வந்தால், அதே பெயரில் ஏற்கெனவே இருப்பவர்தானா, வேறொருவரா என்று பார்த்து, 'அதே ஆள்' அல்லது 'வேறு ஆள்' என்று முத்திரை குத்த வேண்டும். அந்த முத்திரை கார்டம்மா கையில் இருந்தது. அறுபது இழுப்பறைகள் கொண்ட அலமாரி அவள் முதுகுப்பக்கம் நின்றது. அதன் சாவியைத் தாலி மாதிரி கழுத்தில் மாட்டியிருந்தாள்.

விதிப்படி தொழிலும் முகவரியும் பொருந்தினால் அதே ஆள், பொருந்தாவிட்டால் வேறு ஆள். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இவள் விடமாட்டாள். மாதிரியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, செய்தவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லத் தொடங்கிவிடுவாள்.

"முடி திருத்துறவங்க எதைச் செஞ்சாலும் அது சுவத்துல மாட்டுற மாதிரிதான்டி இருக்கும். அவங்களுக்குத் தரையில இடம் கிடையாது" என்பாள். "பேக்கரிக்காரர் செஞ்சா மூலையே இருக்காது, மாவு போய் அடைஞ்சுக்கும்னு எல்லாத்தையும் வழவழன்னு இழைச்சிடுவார். வாத்தியார் செஞ்சா சாமான் இத்தனூண்டு, விளக்கம் பதினாலு பக்கம்."

அந்தப் பதினாலு பக்கத்தைத் தட்டச்சு செய்தவள் நான். அதனால் வாத்தியார் விஷயத்தில் அவள் சொன்னது சத்தியம்.

இப்படிப் பார்த்ததை எல்லாம் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் குறித்து வைப்பாள். 'கோபக்காரர், ஆணியை ஓங்கி அடிக்கிறார்.' 'மனைவிக்காகச் செய்தது.' 'செருப்புத் தைப்பவர், ஆனால் மனசெல்லாம் பாட்டு.' எங்கள் இருவருக்கும்கூட அட்டை போட்டு வைத்திருந்தாள். ஒரே பெயராயிற்றே. என் அட்டையில், தொழில்: தட்டச்சு. கண்டுபிடிப்பு: இல்லை. பின்பக்கம்: 'மூக்குக்கு மேல் கோபம். மதியம் சாப்பிட்டதும் சரியாகிவிடும்.' இதைப் பார்த்த அன்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டதும் பேசினேன்.

அறுபது இழுப்பறையில் அவளுக்குப் பிடித்த அட்டைகள் மூன்று இருந்தன. மூன்றும் ஒரே பெயர். மூன்று தொழில், மூன்று முகவரி. மூன்றும் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் ஐந்தாறு வருஷத்துக்குள் வந்தவை.

முதலாமவர், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்பவர். ஈரப் போர்வையைப் பிழிய இரண்டு பேர் வேண்டும் அல்லவா, ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்க? இவர் தொட்டி விளிம்பை ஒட்டி ஒரு மரச்சட்டம் நிறுத்தி, அதில் ஒரு கவ்வி வைத்திருந்தார். கீழே மிதித்தால் வாயைத் திறந்து போர்வையின் ஒரு முனையைக் கவ்விக்கொள்ளும். மறுமுனையை ஒருவரே முறுக்கலாம். விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து ஆடியாடி, கடைசியில் ஒரு கோடு காகித ஓரம்வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. கார்டம்மா குறித்து வைத்தது: 'வயதானவர். கை நடுக்கம்.'

இரண்டாமவர் பார்சல் ஆபீஸில் பார்சல் கட்டுபவர். கையகல மரக்கட்டை, அதில் ஒரு வெட்டு. சணல் கயிற்றை அதில் இழுத்து விட்டால் தொய்யாமல் நிற்கும். முடிச்சை ஒரே கையால் போட்டுவிடலாம். கார்டம்மா தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எத்தனையோ பார்சல் கட்டிப் பார்த்தாள். பின்பு எழுதினாள்: 'ஒற்றைக் கைக்காரர்.' எழுதிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

மூன்றாமவர் ஒரு கிடங்கின் காவல்காரர். தொங்குகிற பூட்டை ஆடாமல் தாங்கிப்பிடிக்க ஒரு தகரத் தொட்டில்; சாவி தானாகத் துவாரத்தைத் தேடிப்போக ஒரு சரிவு. 'மறு கையில் விளக்கு வைத்திருப்பவர்' என்று இவருக்கு எழுதினாள்.

மூன்றிலும் 'வேறு ஆள்' முத்திரை. சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு அந்த மூவரும் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். அதிலும் அந்த ஒற்றைக் கைக்காரர் என்றால் உயிர். மழை பெய்தால், "பாவம்டி, குடையையும் பிடிச்சுக்கிட்டு பார்சலையும் எப்படித் தூக்குவாரு" என்பாள். நான், "குடையைக் கழுத்துல இடுக்கிக்குவாரு, நீ வேலையைப் பாரு" என்பேன். இருபது வருஷத்துக்கு மேல் இந்தக் கதை ஓடியது.

எங்களது இருபத்து மூன்றாவது வருஷத்தில் அரசாங்கப் பட்டறையில் ஓர் ஏற்பாடு வந்தது. மூன்று கண்டுபிடிப்பு பதிந்திருப்பவர்களுக்கு அங்கே ஒரு வேலை மேஜை, கருவிகளோடு, ஆயுள் முழுக்க. மொத்தம் எட்டு மேஜை. ஏழு போய்விட்டது. எட்டாவதற்கு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிவரை கெடு. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஒருவர் படியேறி வந்தார். அறுபது வயதிருக்கும். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

"மூணு பதிவு இருக்குங்க" என்று சூப்பிரண்டிடம் சொன்னார். "ஒண்ணு சலவைக் கவ்வி, ஒண்ணு கயித்துக் கட்டை, ஒண்ணு பூட்டுத் தொட்டில். மூணும் நான்தான்."

கார்டம்மா கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. நான் தட்டச்சை நிறுத்திவிட்டேன்.

எங்கள் சூப்பிரண்டு கெட்ட மனிதர் அல்ல. ஆனால் விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே பிறந்தவர். மூன்று அட்டைகளையும் எடுத்து மேஜையில் பரப்பினார். "மூணுலயும் வேறு ஆள்னு முத்திரை இருக்கே. சர்டிபிகேட் வச்சிருக்கீங்களா?"

கடைசிச் சான்றிதழ் ஒன்றுதான் இருந்தது. மற்ற இரண்டும் வீடு மாறி மாறிப் போனதில் தொலைந்துவிட்டன. சலவைக்கூடத்தை இடித்து வருஷம் பத்தாயிற்று. பார்சல் ஆபீஸில் அவரைத் தெரிந்தவர் உயிரோடு இல்லை.

"முத்திரையை ரத்து செய்யணும்னா அதைக் குத்தினவங்கதான் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்றார் சூப்பிரண்டு. எல்லோரும் கார்டம்மாவைப் பார்த்தோம்.

அவள் எழுந்து வந்து அந்த மனிதரின் கைகளையே பார்த்தாள். இரண்டும் இருந்தன. விரல் பத்தும் இருந்தன.

"பார்சல் ஆபீஸ்ல இருந்தப்ப உங்களுக்கு ஒரு கைதானே?" என்றாள்.

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "இல்லைங்கம்மா. ரெண்டும் எப்பவுமே இருந்துச்சு."

"அப்ப ஏன் ஒரு கைக்கு மட்டும் செஞ்சீங்க?"

"அப்படித்தாங்க தோணுச்சு."

"சலவைக்கூடத்துல இருந்தவருக்குக் கை நடுங்கும். அவரு வயசானவரு."

"அப்ப எனக்கு முப்பத்தேழுங்க."

என்னத்தைச் சொல்ல. மனிதர் வாயிலிருந்து ஒவ்வொரு வார்த்தையையும் குறடு போட்டுப் பிடுங்க வேண்டியிருந்தது. ஏன் மூன்று இடம் மாறினீர்கள் என்றால், "வச்சுக்க மாட்டேன்னுட்டாங்க" என்றார். ஏன் என்றால், சிரித்தார். கெஞ்சினாலாவது ஒரு வழி பிறக்கும். அதுவும் இல்லை. போகும்போது மட்டும் வாசலில் நின்று, "நாலாவதா ஒண்ணு மனசுல இருக்குங்கம்மா. ஒரே ரூம்ல இருக்கேன். தட்டினா கீழ்வீட்டுக்காரங்க மேல வந்துடறாங்க. அதான் அந்த மேஜை கிடைச்சா நல்லா இருக்குமேன்னு. வெள்ளிக்கிழமை வந்து பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மறுநாள் கார்டம்மா முகம் வீங்கி வந்தாள். நான் வழக்கம்போலச் சிடுசிடுத்தேன். "இப்ப என்ன ஆயிடுச்சு? உனக்கு நிச்சயமா தெரியலன்னா எழுத முடியாதுன்னு சொல்லிடு. பொய் எழுதிக் கொடுக்கவா முடியும்?"

"அவரு பொய் சொல்லலடி. முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

"அப்ப எழுதிக் கொடு."

"காரணம்னு என்னத்தை எழுத? மூணும் மூணு விதமான ஆளு செஞ்ச சாமான். ஒரே ஆளு எப்படி இதை மூணையும் செய்வாரு? என் கண்ணுக்குத் தெரியாம எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" பென்சிலை எடுத்துச் சீவினாள். பிறகு, "இன்னொண்ணு சொன்னா நீ சிரிப்ப. எனக்கு அந்த ஒத்தைக் கைக்காரரு செத்துப்போன மாதிரி இருக்கு" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. அவள் டீயை நானே போய் வாங்கி வந்தேன்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் இருவரும் மாதிரிகள் வைக்கிற அறைக்குப் போனோம். தரைத்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால் உள்ள நீள அறை. இரும்பு அடுக்குகளில் எண் கட்டிய சாமான்கள். தூசி மூக்கில் ஏறி எனக்குத் தும்மல் நிற்கவில்லை. மூன்று மாதிரிகளையும் தேடி எடுத்து ஜன்னல் பக்கம் ஒரு பெஞ்சில் வரிசையாக வைத்தாள். கவ்வியை மிதித்துப் பார்த்தாள். கட்டையில் கயிறு கட்டினாள். பூட்டைத் திறந்து மூடினாள். கவ்விச் சட்டத்தில் ஒரு மூலையில் மட்டும், இடுப்புக்குச் சற்று மேலே, பழைய துணியை நாலாக மடித்து ஆணி அடித்திருந்தது. கயிற்றுக் கட்டையின் இடது முனை மட்டும் இழைத்து இழைத்து உருண்டிருந்தது. பூட்டுத் தொட்டிலுக்குள் கம்பளித் துண்டு ஒட்டியிருந்தது, இரும்பும் இரும்பும் மோதினால் சத்தம் கேட்காதபடி.

"இந்தத் துணி எதுக்குடி?" என்றாள். "அன்னைக்கும் பார்த்தேன். சலவைக்கூடத்துத் துணி ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. இடைவேளை முடிய ஐந்து நிமிஷம்தான் இருந்தது, நான் இன்னும் சாப்பிடவில்லை. "தள்ளு, நான் பார்க்கறேன்" என்று, மேலேயிருந்து கையோடு கொண்டுவந்த கோப்புகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு, வலது கையால் கயிற்றுக் கட்டையை எடுத்தேன். கயிற்றை வெட்டில் இழுத்து முடிச்சுப் போட்டேன். முடிச்சு அழகாக விழுந்தது. இடுப்பிலிருந்த கோப்புக் கட்டு வழுக்கவே, கொஞ்சம் மேலே ஏற்றி வைத்துக்கொண்டேன்.

மூன்று பிள்ளை பெற்று வளர்த்தவள் நான். அந்த ஏற்றி வைக்கிற அசைவு என் உடம்புக்கு மறக்காது. கவ்விச் சட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். துணி அடித்த மூலை சரியாக என் இடுப்புக்கு மேலே, இடுப்பில் உட்காரும் குழந்தையின் தலை சாயும் இடத்தில் இருந்தது.

"ஏய்" என்றேன். "இடுப்புல குழந்தை இருக்குடி."

"எங்க?"

"இந்த ஆளு இடுப்புல. மூணுலயும். தலை இடிச்சுக்கக் கூடாதுன்னு துணி அடிச்சிருக்காரு. கட்டையை வாயில வச்சாலும் குத்தக் கூடாதுன்னு முனையை இழைச்சிருக்காரு. பூட்டுச் சத்தத்துல முழிச்சுக்கக் கூடாதுன்னு கம்பளி. கையெழுத்து நடுங்கல, குழந்தை பேனாவைப் பிடிச்சு இழுத்திருக்கு. அதான் எங்கயும் வேலைக்கு வச்சுக்க மாட்டேன்னுட்டாங்க."

கார்டம்மா அந்தத் துணிமேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எனக்கு எப்படிடி தெரியும்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். "சாப்பிட வா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர் வந்தார். கூட ஒரு பெண், இருபத்து நாலு வயதிருக்கும். மகள் என்றார். அப்பாவைத் தனியாக அனுப்பினால் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்துவிடுவார் என்று அவளே வந்திருந்தாள்.

கார்டம்மா நேரே குழந்தையைப் பற்றிக் கேட்டிருந்தால் அவரும் ஆமாம் என்று தலையாட்டியிருப்பார். சூப்பிரண்டு அதை ஏற்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒன்றுமே கேட்கவில்லை. சூப்பிரண்டின் மேஜைமேல் சில பழைய புத்தகங்களையும் சணலையும் அந்த மரக்கட்டையையும் வைத்தாள். "இதைக் கொஞ்சம் கட்டிக் கொடுங்க" என்றாள்.

அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். சணலை எடுக்கும் முன்பே அவருடைய இடது கை தானாக மேலே எழுந்து, வளைந்து, இடுப்பை ஒட்டி நின்றுகொண்டது. அங்கே எதுவும் இல்லை. வலது கை மட்டும் கயிற்றைச் சுற்றி, வெட்டில் இழுத்து, முடிச்சுப் போட்டது. முடிச்சைச் சுண்டும்போது இடது தோளை லேசாக ஒரு தரம் மேலே ஏற்றிக்கொண்டார், நேற்று நான் செய்த மாதிரியே.

"அப்பா, அந்தக் கை ஏன் அப்படி நிக்குது?" என்று மகள் கேட்டாள்.

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். "அது உன் இடம்மா" என்றார். "உங்கம்மா போனதுக்கப்புறம் உன்னை எங்க விடறது? அஞ்சாறு வயசு வரைக்கும் அங்கதான் இருப்ப. காவல் வேலைக்குப் போனப்ப தோள்லயே தூங்கிடுவ."

"எனக்குச் சொன்னதே இல்லையே."

"சொல்றதுக்கு என்ன இருக்கு."

அந்தப் பெண் போய் அவர் இடது பக்கம் ஒட்டி நின்றுகொண்டாள். சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை, நான் பார்த்தேன்.

கார்டம்மா தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்து ரத்துக் குறிப்பை எழுதினாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் எழுதிய முதல் ரத்து. என்னைத் தட்டச்சு செய்யச் சொல்லவில்லை, கையாலேயே எழுதினாள். சூப்பிரண்டு அதை வாய்விட்டுப் படித்தார்: "காரணம். மூன்று மாதிரிகளையும் செய்தவர் ஒரு கையில் குழந்தை வைத்திருந்தார். இதை அப்போதே பார்த்திருக்க வேண்டியவள் நான். பார்க்கவில்லை. தவறு என்னுடையது."

படித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "இது விதியில எந்தப் பிரிவுல வரும்?"

நான் மூன்றரை மணி காட்டிய கடிகாரத்தைப் பார்த்தேன். "சார், விதியில 'காரணம் எழுதணும்'னுதான் இருக்கு. எந்தக் காரணம்னு இல்ல. அந்தப் பக்கத்தைப் போன வருஷம் டைப் பண்ணினது நான்தான். கையெழுத்தைப் போடுங்க, நாலு மணிக்கு அங்க பூட்டிடுவாங்க."

போட்டார். கார்டம்மா மூன்று அட்டைகளிலும் 'வேறு ஆள்' என்பதன்மேல் கோடு கிழித்து, 'அதே ஆள்' குத்தினாள். தந்தையும் மகளும் சாலையைக் கடந்து பட்டறைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போவதை, அந்த மூடாத ஜன்னல் வழியாக நாங்கள் பார்த்தோம். எட்டாவது மேஜை அவருக்குக் கிடைத்துவிட்டது என்று நாலே காலுக்கு ஃபோன் வந்தது. வழக்கம்போல அவளுக்கு வந்தது, என்னிடம் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை ஏதோ தேடப்போய் இழுப்பறையில் என் அட்டையைப் பார்த்தேன். 'கண்டுபிடிப்பு: இல்லை' என்பதில் 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஒன்று' என்று எழுதியிருந்தாள். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மூக்கு உறிஞ்சுகிற பழக்கம் அவளுடையது, என்னுடையது அல்ல.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் கழித்து அதே பெயரில் நாலாவது விண்ணப்பம் வந்தது. மாதிரி ஒரு பெரிய பெட்டியில் இருந்தது. கிழிந்த புத்தகங்களைத் திரும்பத் தைப்பதற்கான சட்டம். இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடி. இடது கை ஒரு பக்கமும் வலது கை எதிர்ப்பக்கமும் ஒரே நேரத்தில் சுற்ற வேண்டும். ஒரு கையால் சுற்றினால் அது அசையவே அசையாது. நான் எல்லா மூலைகளையும் தடவிப் பார்த்தேன். துணி இல்லை, இழைப்பு இல்லை, கம்பளி இல்லை. மூலைகள் கூர்மையாகவே இருந்தன.

"இது அவர் செஞ்சதில்ல போலிருக்கே" என்றேன். "ரெண்டு கை வேணும் இதுக்கு. உன் கணக்குப்படி வேறு ஆள்."

கார்டம்மா பெட்டிக்குள் கிடந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். நாலு வரி. மேஜை வசதியாக இருப்பதாகவும், மகளுக்குப் போன மாதம் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டதாகவும், மாப்பிள்ளை நல்லவர் என்றும், கார்டம்மாவையும் டைப்பம்மாவையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள் என்றும் எழுதியிருந்தார். கையெழுத்து ஒரு நடுக்கமும் இல்லாமல் நேராக இருந்தது.

அவள் இரண்டு கைகளாலும் அந்தக் கைப்பிடிகளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு அட்டையை எடுத்து 'அதே ஆள்' குத்தினாள். பின்பக்கம் திருப்பி, பென்சிலால் ஒரு வரி எழுதி, மை உலர வேண்டியது போல அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இழுப்பறையை மூடுவதற்கு முன் நான் எட்டிப் படித்துவிட்டேன்.

'குழந்தை இறங்கிவிட்டது.'